இரண்டு கஜ தூரம்

ஆட்டக்காரர்களின் தோள்வலியையும் கால்வேகத்தையும் மட்டும் பார்த்துவிட்டு அமெரிக்கக் கால்பந்தை முரட்டு விளையாட்டென்று ஒதுக்கிவிடுகிறவர்கள், அந்த ஆட்டத்தின் சரிபாதி மைதானத்துக்கு வெளியே, கையில் ஒரு நீண்ட அட்டையை வைத்துக்கொண்டு நிற்கும் சில மனிதர்களின் சிந்தையிலே நடைபெறுகிறது என்பதைக் கவனிக்கத் தவறியவர்கள். நாம் அறிந்த கால்பந்தில் பந்து ஓயாமல் உருண்டுகொண்டிருக்கிறது. அதன் போக்கிலேயே ஆட்டக்காரர் யோசித்துக்கொள்ள வேண்டும். அங்கே பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து கஜம் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. டவுன் என்று சொல்லப்படும் அந்த வாய்ப்பு ஒவ்வொன்றும் சில விநாடிகளில் முடிந்து ஆட்டம் நின்றுவிடுகிறது. அப்படி நிற்கிற சிறு அவகாசத்திலே, பதினொரு பேரும் எங்கெங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது, பந்தை ஓடிக் கொண்டுபோவதா அல்லது எறிவதா என்பதையெல்லாம் ஒருவர் நிர்ணயம் செய்து உள்ளே தெரிவித்தாக வேண்டும். தாக்குதல் பகுதியின் ஒருங்கிணைப்பாளர் என்ற பதவிப் பெயரைத் தாங்கிய அவர் சொல்லும் யுக்தி நிறைவேறினால் புகழ் ஓடியவனுக்குப் போகிறது; நிறைவேறாவிட்டால் பழி அவர் தலையில் இறங்குகிறது.

முதற்பாதியில் இந்த வேலை ஓரளவு இலகுவானது. சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியைப் பயிற்றுவித்த பில் வால்ஷ், ஆட்டத்தின் தொடக்கத்தில் பிரயோகிக்க வேண்டிய முதற் பதினைந்து, இருபத்தைந்து யுக்திகளை முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பிரசித்தமாக்கினார். மைதானத்தின் ஆரவாரத்தில் மனம் கலங்குமுன், வாரம் முழுவதும் அமைதியாக இருந்து யோசித்ததை அப்படியே நடத்திக் காட்டலாம் என்பது அவருடைய சித்தாந்தம். கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்களிலும் அநேகர் அதைக் கைக்கொண்டனர். ஆனால் எழுதிவைத்த வரிசை எப்படியும் தீர்ந்துபோகும். இருபது நிமிஷ இடைவேளைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பும்போது, எதிரி நம்முடைய யுக்திகளைக் கண்டுவிட்டான், நாமும் அவனுடைய தற்காப்பைக் கண்டுவிட்டோம், இருவரும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற நிலையிலே, இனி அழைக்கப்படும் ஒவ்வொரு யுக்தியும் அந்தக் கணத்தின் விவேகத்திலிருந்து பிறக்க வேண்டியதாகிறது. ஆகையால் ஒரு தாக்குதல் ஒருங்கிணைப்பாளரின் தகுதியை இரண்டாம் பாதியைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையைச் சோதித்துப் பார்க்கக் கல்லூரிக் கால்பந்தின் சரித்திரத்தில் 2006ஆம் வருஷம் ஜனவரி 4ஆம் தேதி இரவு நடந்த ரோஸ் போல் ஆட்டத்தைவிடச் சிறந்த சந்தர்ப்பம் எனக்குத் தெரியவில்லை.

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில், 93,986 பேர் கூடியிருந்த மைதானத்தில், தேசிய சாம்பியன் பட்டத்துக்காகத் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையும் டெக்சாஸ் சர்வகலாசாலையும் சந்தித்தன. தென் கலிபோர்னியா தொடர்ந்து 34 ஆட்டங்களில் வென்றிருந்தது. தாக்குதலைக் களத்தில் நடத்திப் பந்தை எறியும் அதன் குவார்ட்டர்பேக் மேட் லைனார்ட் 2004ஆம் வருஷத்துக்குரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். அதன் ஓட்டக்காரர் ரெஜி புஷ் 2005ஆம் வருஷத்துக்குரிய அதே விருதைப் பெற்றவர். நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கென்று உள்ள விருதை வாங்கிய இருவர் ஒரே அணியில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதைக் கண்டவர்கள், இவர்களை வெல்ல ஒருவரும் இல்லை என்று கருதியதில் வியப்பில்லை. டெக்சாஸும் 19 ஆட்டங்களாகத் தோல்வியை அறியாதது. எனினும், ஹைஸ்மன் தேர்தலில் புஷ்ஷுக்கு அடுத்த ஸ்தானத்தில் நின்ற வின்ஸ் யங் என்ற ஒரே மனிதரின் பலத்தில் அது வந்திருக்கிறது என்பதே பொதுவான அபிப்பிராயம்.

முதற்பாதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டெக்சாஸ் வீரர் ஒருவர் உதைபந்தைக் கைநழுவவிட்டதில் தென் கலிபோர்னியாவுக்கு, எதிரியின் கோல் கோட்டைப் பந்தோடு கடப்பதான டச்டவுன், முதலில் கிடைத்தது. அதன்பின் அந்த அணியே தன் வாய்ப்புகளைச் சிதறடித்தது: நான்காவது டவுனில் ஒரு கஜம் வேண்டியபோது லைனார்ட் தாமே முண்டி முயன்று தடுக்கப்பட்டார், நீண்ட தூரம் ஓடிய புஷ் அநாவசியமாகத் தோழனுக்குப் பந்தைப் பக்கவாட்டில் எறிந்து பறிகொடுத்தார், லைனார்ட் கோல் பகுதிக்குள் எறிந்த பந்தொன்று எதிரியின் கைக்குப் போயிற்று. இடைவேளையில் டெக்சாஸ் 16, தென் கலிபோர்னியா 10.

இரண்டாம் பாதியில் டெக்சாஸ் என்ன செய்தது என்பதை அறிய அவர்களுடைய மூல யுக்தியை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வெஸ்ட் வர்ஜினியாவிலுள்ள கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் 1990களின் தொடக்கத்தில் ரிச் ராட்ரிகஸ் என்ற இளம் பயிற்சியாளர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஸோன் ரீட் என்ற முறை அது. சாதாரணமாக ஓடும் யுக்தியில், தாக்கும் அணியினர் எதிரணியின் முன்வரிசையில் ஒவ்வொருவனையும் மறிக்க முயலுவார்கள். பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக் வேலையற்று நிற்பதால், பத்துப் பேர் பதினொரு பேரைச் சமாளிக்க வேண்டிய நிலை எப்போதும் உண்டு. ராட்ரிகஸின் முறையிலோ, எதிரணியின் முன்வரிசைக் கோடியில் நிற்கும் ஒருவனை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றருகே நீட்டியபடியே அந்த ஒருவனைப் பார்க்கிறார். அவன் ஓட்டக்காரனைத் துரத்தி உள்ளே பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அவன் காலிசெய்த இடத்தின் வழியே ஓடிவிடுகிறார். அவன் வெளியே காத்து நின்றால் பந்து ஓட்டக்காரனுக்குப் போகிறது. இரண்டு வாசல்களுக்கு ஒரே காவற்காரனை வைத்துவிட்டு, அவன் எந்த வாசலைக் காக்கிறானோ அதை விட்டு மற்றதன் வழியே புகுவது போன்றது இது. அவன் எதைச் செய்தாலும் தவறாகிறது. அவனை மறிக்க வேண்டிய ஆள் மிச்சமாகி வேறோர் எதிரியைத் தடுக்கப் போய்விடுகிறான். பதினொருவருக்குப் பதினொருவர் என்று கணக்கும் நேராகிவிடுகிறது.

இந்த முறையைத் தம் குவார்ட்டர்பேக்குக்கென்று அமைத்துக் கொடுத்தவர் டெக்சாஸின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கிரெக் டேவிஸ். 2004 அக்டோபரில் ஓக்லஹோமாவிடம் ஒரு புள்ளியும் பெறாமல் 12–0 என்று தோற்ற டெக்சாஸ், அதன் பிறகு அந்த ரோஸ் போல் இரவுவரை தோற்கவேயில்லை. ஏட்டில் உள்ள குவார்ட்டர்பேக்கின் லட்சணங்களுக்குள் யங்கை அடைக்கும் முயற்சியை டேவிஸும் தலைமைப் பயிற்சியாளர் மேக் பிரௌனும் கைவிட்டு, யங்கின் இயல்புக்குத் தங்கள் ஏட்டை இணக்கினார்கள் என்பதே அதன் காரணமென்று நான் கருதுகிறேன். 2005ஆம் வருஷப் பருவத்தில் 13 ஆட்டங்களில் 652 புள்ளிகள் சேர்த்த தாக்குதலை எளிமையானதென்று குறைத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். எளிமை உண்மைதான், ஆனால் எதிரியின் சித்தத்தை இரண்டாகப் பிளக்கும் எளிமை அது. யங் பந்தை எறியப் பின்வாங்கும் யுக்தியில்கூட அந்தப் பிளவு நீங்கவில்லை, ஏனெனில் எறிய ஆள் அகப்படாவிட்டால் அவர் ஓடிவிடுவார் என்ற அச்சம் பின்களத்தில் நிற்கும் ஒவ்வொருவனையும் அரைக்கணம் தாமதிக்கச் செய்தது.

தென் கலிபோர்னியாவின் ஐசுவரியம் வேறு வகையானது. பல வருஷங்களாக அந்தத் தாக்குதலை வகுத்துத் தந்த நார்ம் சௌ தொழில்முறை அணியான டென்னஸி டைட்டன்ஸுக்குப் போய்விட்டிருந்தார். (அதே டைட்டன்ஸ் அணி அந்த 2006ஆம் வருஷத்தில் யங்கைத் தேர்ந்தெடுக்க, தம் பழைய மாணவர்களை முறியடித்தவரையே சௌ பயிற்றுவிக்க நேர்ந்தது.) லேன் கிஃபின், ஸ்டீவ் சார்கிசியன் என்ற இரண்டு இளைஞர்கள் அவருடைய இடத்தில் இருந்தார்கள். பீட் கேரல் தலைமைப் பயிற்சியாளர். முதற்பாதியின் சிதறலைப் பார்த்து, இளைஞர்களின் கையில் சௌவின் இயந்திரம் தடுமாறுகிறதென்று எவரேனும் நினைத்திருந்தால், இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே அந்த எண்ணம் பொய்யாயிற்று.

இடைவேளைக்குப் பின் பந்து தம் கைக்கு வந்த முதல் நான்கு தடவையும் அவர்கள் டச்டவுன் போட்டார்கள். லென்டேல் வைட் 3 கஜம் ஓடிப் போட்டது முதலாவது. யங்கின் 14 கஜ ஓட்டத்தால் டெக்சாஸ் மறுபடி முந்தியதும், வைட் மீண்டும் 12 கஜம் ஓடி இரண்டாவதைப் போட்டார். நான்காம் கால்பகுதியில் ரெஜி புஷ் 26 கஜம் ஓடி, கோல் கோட்டை உடம்பைத் தூக்கி எறிந்து கடந்தார். டெக்சாஸ், பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் ஒரு ஃபீல்டு கோலோடு திருப்திப்பட்டதும், லைனார்ட் எறிந்த பந்தைப் பிடித்த டுவெயின் ஜாரெட் 22 கஜம் கடந்து நான்காவதைச் சேர்த்தார். 38–26, ஆட்டத்தில் 6 நிமிஷம் 42 விநாடிதான் பாக்கி. இந்த நான்கின் அழைப்பு வரிசையை ஆராய்ந்தால் அழகான ஒரு முறை தெரிகிறது. புஷ் களத்தில் இருந்தால் அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் எதிரிகளில் இருவர் கண்ணை அகற்றுவதில்லை. ஆகவே நடுவில் வைட்டுக்கு வழி பிறக்கிறது. நடுவை அடைக்க எதிரிகள் குவிந்தால் வெளிப்புறம் புஷ்ஷுக்குச் சொந்தமாகிறது. இருவரையும் தடுக்கப் பின்களத்தார் முன்னே வந்தால் லைனார்டின் பந்து அவர்கள் தலைக்கு மேல் பறக்கிறது. அன்று லைனார்ட் 40 தடவை எறிந்து 29ஐ நிறைவேற்றி 365 கஜம் சேர்த்தார். வைட் 20 ஓட்டங்களில் 124 கஜம். புஷ் 13 ஓட்டங்களில் 82 கஜமும், பிடித்த பந்துகளில் 95 கஜமும். இத்தனை வாசல்களையும் ஒருங்கே காக்கும் தற்காப்பு அன்றைய கல்லூரிக் களத்தில் இல்லை. ஆட்டத்தை முழுவதும் பார்த்த ஒருவர் தென் கலிபோர்னியாவின் இரண்டாம் பாதி அழைப்புகளைக் குறைகூற முற்பட்டால், ஒன்றே ஒன்றை நீக்கி மற்றவற்றுக்கெல்லாம் அவர் தலைவணங்கியே ஆகவேண்டும்.

அந்த ஒன்றுக்கு வருகிறேன்.

ஜாரெட்டின் டச்டவுனுக்குப் பின் டெக்சாஸ் அதிர்ச்சியில் தளர்ந்துவிடவில்லை. யங் மறுபடியும் தம் அணியை நடத்திச் சென்று, 4 நிமிஷம் 3 விநாடி எஞ்சியிருக்கையில் 17 கஜம் ஓடிப் போட்ட டச்டவுனால் வித்தியாசம் ஐந்தாகக் குறைந்தது: 38–33. பந்து தென் கலிபோர்னியாவிடம் வந்தது. நேரத்தைக் கரைத்துக்கொண்டே அவர்கள் டெக்சாஸின் 45 கஜக் கோடு வரை வந்து நின்றார்கள். நான்காவது டவுன், வேண்டியது இரண்டு கஜம், இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் பாக்கி. உதைத்துப் பந்தை டெக்சாஸின் மூலைக்குத் தள்ளிவிடலாம். அல்லது அந்த இரண்டு கஜத்தை வென்று ஆட்டத்தையும் பட்டத்தையும் அப்போதே கைக்கொள்ளலாம். கேரல் முயல்வதென்று தீர்மானித்தார். பந்து வைட்டிடம் கொடுக்கப்பட்டது. மைக்கேல் ஹஃப்பும் அவர் தோழர்களும் நெருக்கிப் பாய்ந்து, ஒரு கஜம் குறையாக அவரைத் தடுத்து வீழ்த்தினார்கள். அந்தக் கணத்தில் ரெஜி புஷ், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று விருது வாங்கிய அந்த மனிதர், மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கேரல் மீது இரண்டு குற்றங்கள் சாட்டப்பட்டன. முதலாவது, முயன்றதே தவறு, பந்தை உதைத்திருக்க வேண்டும் என்பது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். அந்தக் காலத்துச் சம்பிரதாயம் உதைக்கவே சொல்லியிருக்கும். ஆயினும் அதே 2006ஆம் வருஷத்தில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர், தொழில்முறைக் கால்பந்தின் கணக்குகளை ஆராய்ந்து, அணிகள் நான்காவது டவுனில் மிதமிஞ்சிய எச்சரிக்கையோடு பந்தை உதைத்து நஷ்டப்படுகின்றன என்று காட்டினார். ஆனால் புள்ளிவிவரம் இல்லாமலே அன்றைய பிரத்தியட்ச நிலைமை தெளிவாயிருந்தது. உதைத்தால் முப்பது, முப்பத்தைந்து கஜம் அதிகம் கிடைத்திருக்கலாம். கடைசி ஐந்து நிமிஷங்களில் தம்மை யாராலும் நிறுத்த முடியாதென்று காட்டியிருந்த யங்குக்கு அந்தத் தூரம் ஒரு தடையே அல்ல. அவர் கைக்குப் பந்து போகாமலிருப்பதே ஒரே பாதுகாப்பு என்று கேரல் கண்டதில் நேர்மையான துணிவு இருக்கிறது. அந்தத் துணிவைத்தான் நான் ஒரு பயிற்சியாளரிடம் எதிர்பார்க்கிறேன்.

இரண்டாவது குற்றச்சாட்டை ஏற்கிறேன். ஆனால் சாதாரணமாகச் சொல்லப்படும் விதத்தில் அல்ல. புஷ்ஷிடம் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அப்படியல்ல. வைட் அன்று ஓட்டத்துக்கு 6 கஜத்துக்கு மேல் சராசரி வைத்திருந்தவர். இரண்டு கஜத்துக்கு அவரை நம்பியதில் பிழையே இல்லை. அவரிடமே பந்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தபோது புஷ் களத்திலே இருந்திருக்க வேண்டும். இரண்டாம் பாதியின் நான்கு டச்டவுன்களிலும் அந்தத் தாக்குதலின் உயிர் எதிரியின் கவனத்தைச் சிதறடிப்பதிலே இருந்தது. ஓடாமல், பந்தைத் தொடாமல், வெறுமனே ஒரு பக்கம் நின்றாலே இரண்டு எதிரிகளை இழுத்துக்கொள்ளக்கூடிய ஒருவரை ஓரத்தில் உட்கார வைத்ததால், டெக்சாஸின் பதினொருவரும் ஒரே இடத்தை மட்டும் பார்க்கும் சுதந்திரத்தைப் பெற்றார்கள். ஹஃப் பின்களத்து ஆட்டக்காரர். வெளிப்புறத்தைக் காக்க வேண்டிய அவசியம் இருந்திருந்தால் அவர் அந்தக் குவியலின் நடுவே பாய்ந்திருக்க முடியுமா? பலத்தைச் சேர்ப்பதாக எண்ணி எடுத்த பெருத்த அமைப்பு, எதிரியின் சந்தேகத்தை நீக்கிவிட்டதென்பதே என் வாதம். பாதி ஆட்டம் முழுவதும் பெற்ற ஞானத்தை, மிகவும் தேவைப்பட்ட ஒரே கணத்தில் தென் கலிபோர்னியா தானே ஒதுக்கி வைத்தது.

இவ்விடத்தில் கேரலுக்கு நியாயம் செய்யும் பொருட்டு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷங்களுக்குப் பின், 2015 பிப்ரவரி 1ஆம் தேதி, தொழில்முறையின் இறுதி ஆட்டமான சூப்பர் போலில், அவர் நடத்திய சியாட்டில் அணி எதிரியின் 1 கஜக் கோட்டில் நின்றது. மார்ஷான் லிஞ்ச் என்ற வலிய ஓட்டக்காரர் களத்திலே இருந்தார். அப்போது எறியும் யுக்தி அழைக்கப்பட்டு, பந்தை நியூ இங்கிலாந்து வீரர் பறித்துக்கொண்டார், ஆட்டம் தோற்றது. வலியவனை நம்பி நேரே ஓடியது 2006ல் குற்றமாயிற்று. வலியவனை நம்பாமல் எறிந்தது 2015ல் குற்றமாயிற்று. பலன்களை வைத்தே அழைப்புகளை நியாயந்தீர்க்கும் உலகம் எவ்வளவு நிலையற்றதென்பதற்கு இவற்றைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. 2015ல் எறிய முற்பட்டதற்கு நியாயம் உண்டென்று வாதிடுபவர்களில் நானும் ஒருவன், ஏனெனில் அன்று எதிரியின் மனத்தில் ஐயத்தை மிஞ்சவிட முயன்ற அழைப்பு அது. 2006ன் அழைப்பை நான் குறைகூறுவது அது தோற்றதற்காக அல்ல; நின்ற அமைப்பு எதிரிக்கு ஐயத்தையே வைக்காததற்காக.

டெக்சாஸ் தன் 44 கஜக் கோட்டில் பந்தைப் பெற்றது. 2 நிமிஷம் 9 விநாடி, 56 கஜம். மூன்றாவது டவுனில் குவான் காஸ்பிக்கு யங் எறிந்த பந்து வேண்டிய தூரத்தை எட்டவில்லை. ஆனால் அவருடைய முகக்கவசத்தை எதிரி பற்றி இழுத்த குற்றத்துக்காகக் கிடைத்த தண்டனையால் உயிர் தப்பினார்கள். பிறகு பிரையன் கார்ட்டருக்கு இரண்டு பாஸ்கள். டெக்சாஸ் 13 கஜக் கோட்டை எட்டிவிட்டது. இந்த முன்னேற்றத்தில் டேவிஸின் அழைப்புகள் நான் சொன்ன தத்துவத்துக்குச் சாட்சியாகின்றன: அவர் யங்கை எறிபவராகவே நிறுத்தி, ஓடுவார் என்ற பயத்தை எதிரியின் மனத்தில் வைத்துக்கொண்டே பந்தைக் காற்றில் அனுப்பினார். யங் அன்று 40ல் 30 பாஸ்களை நிறைவேற்றி 267 கஜமும், 19 ஓட்டங்களில் 200 கஜமும் சேர்த்தார் என்று கணக்கு சொல்கிறது. அந்த இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று தாங்கி நின்றவை என்று கணக்கு சொல்லாது.

8 கஜக் கோட்டில் நான்காவது டவுன். வேண்டியது ஐந்து கஜம். யங் எறியப் பின்வாங்கினார். எதிரிகள் எறிவதைத் தடுக்க முனைந்து களத்தில் பரவினார்கள். எறிவதற்கு இசைந்த ஆள் கண்ணில் படாததால் அவர் வலப்புறமாக ஓடத் தொடங்கி, கோட்டின் மூலையில் நடப்பவர்போல் உள்ளே நுழைந்தார். 19 விநாடிகள் பாக்கி. ஒரு புள்ளி முன்னிலை. ஒரு ஃபீல்டு கோலில் தோற்றுவிடாதிருக்க இரண்டு புள்ளிகளுக்கு முயல வேண்டியிருந்த அடுத்த யுக்தியிலும் யங்கே பந்தோடு ஓடி அவற்றைச் சேர்த்தார். 41–38.

இப்போது தென் கலிபோர்னியாவின் பதினொருவரில் ரெஜி புஷ் இருந்தார். லைனார்ட் எறிந்த பந்தைப் பிடித்து டெக்சாஸின் பாதிக்குள் நெடுந்தூரம் ஓடினார். ஆனால் கடியாரத்தில் சில விநாடிகளே மிஞ்சியிருந்தன. ஜாரெட்டை நோக்கிக் கடைசியாக எறிந்த பந்து கைக்கு அகப்படாமல் போக, தென் கலிபோர்னியாவின் 34 ஆட்ட வெற்றித் தொடர் அத்துடன் முடிந்தது.